சலவை காணாத துணி

செல்வம், மற்றதை எழுதும் முன்னால் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் அப்பன் ஒரு பரீட்சைக்குப் போய் ஃபெயிலாகிவிட்டான். மூன்றாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவன் நாற்பத்தெட்டு வயதில் பரீட்சைக்குப் போனதே ஒரு கூத்து. அதிலும் அது முதலுதவிப் பரீட்சை. நாலு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, கடைசி வாரம் ஆளுக்கு ஒரு கட்டுப் போட்டுக் காட்டினால் சர்டிபிகேட். வந்திருந்த எல்லோரும் பாஸ். காது சரியாகக் கேட்காத ஒரு லாரி டிரைவர் பாஸ். நாலு வகுப்பில் மூன்றைத் தூங்கியே கழித்த டீக்கடைக்காரர் பாஸ். இருபது வருடத்துக்கு மேலாக ராஜபாளையத்தில் பாண்டேஜ் துணி நெய்கிற நான் ஒருவன்தான் ஃபெயில். சொல்லிக்கொடுத்தவர் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ரிட்டயரானவர். "அண்ணாச்சி, ஒங்க துணியத்தான் ஊரு பூரா சுத்துதோம். நீங்களே இப்படி முழிச்சா எப்படி?" என்றார். "நெய்யுறவன் வேற, சுத்துறவன் வேற சார். மாவாட்டுனவனே தோசையும் சுடணுமா?" என்று ஒரு போடு போட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உன் அம்மாவிடம் அது எழுத்துப் பரீட்சை என்று சொல்லிவைத்திருக்கிறேன். எனக்கு எழுத வராததால் போய்விட்டது என்று அவள் நம்பிக்கொண்டு, பரிதாபப்பட்டு அன்றைக்குக் கறி எடுத்து வந்தாள். அது பொய். பெஞ்சில் ஒரு ஆளைப் படுக்கவைத்து, "முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு, கட்டுங்க" என்றார்கள். கையில் பாண்டேஜ் இருந்தது. கை நகரவில்லை. அவ்வளவுதான்.

நான் அந்த வகுப்புக்குப் போகக் காரணம் உன் கடிதம். மேகாலயாவில் சுண்ணாம்புக் குகைக்குள் ஒன்பது பேர் போகிறோம், ஆறு நாள் உள்ளேயும் வெளியேயுமாக வேலை என்று எழுதியிருந்தாய். போ. மண்ணையும் கல்லையும் படிக்க உன்னைக் காலேஜுக்கு அனுப்பியவன், குகைக்குள் போகாதே என்று சொன்னால் அதில் அர்த்தமில்லை. அதற்கு அடுத்து எழுதியிருந்தாயே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. மருந்துப் பெட்டி யார் பொறுப்பு என்று பேச்சு வந்ததாம். எங்கப்பா பாண்டேஜ் நெய்கிறவர், மலைமேல் சித்தப்பாவுக்கு அடிபட்டபோது தன் கையாலேயே கட்டுப்போட்டு உயிரைக் காப்பாற்றியவர் என்று நீ சொன்னாயாம். மறுபேச்சில்லாமல் பெட்டியை உன்னிடம் ஒப்படைத்துவிட்டார்களாம். உன் அம்மா அந்த வரியைப் பக்கத்து வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் வாசித்துக் காட்டினாள். நான் தறிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். அன்று எனக்கு லீவு நாள்.

ஏலே, எட்டு பேர் உன்னை நம்பி இருட்டுக்குள் இறங்கப் போகிறார்கள். அவர்கள் நம்பியது உன்னை இல்லை, என்னை. நான் அதற்குத் தகுந்த ஆள் இல்லை. இதை நீ குகைக்குள் போகும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு தாளைக் கெடுக்கிறேன். எழுத்துக் கூட்டி எழுதுவதால் மூன்று நாளாகிறது. நீ ஒரே மூச்சில் படித்துவிடாதே, எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

உனக்கு நினைவிருக்குமோ என்னவோ, எண்பத்திரண்டிலோ மூன்றிலோ, நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, உன் வேலு சித்தப்பன் பட்டாளத்துக்கு ஆள் எடுப்பில் தேறியிருந்தான். ஓட்டம், உயரம், மார்பளவு, எல்லாவற்றிலும் முதல் ஆளாக நின்று, ஆர்டர் வரக் காத்திருந்தான். எனக்கோ தறிக்கூடத்து நூல் தூசி. வீட்டில் எல்லோரும் அவனையே பேசிக்கொண்டிருந்தது எனக்கு உள்ளுக்குள் எரிந்தது என்பதை இப்போது சொல்வதில் தப்பில்லை. நான் எரிச்சலைக் காட்டுகிற ஆள் இல்லை, கிண்டலாக்கிவிடுவேன். அன்று இரண்டு பேரும் செண்பகத்தோப்புக்கு மேலே மலையில் ஏறினோம். ஓடையைத் தாண்டிப் போனால் ஒரு பாறைக்குகை. வாயில் அகலம், உள்ளே போகப் போக ஒரு ஆள் ஊர்ந்து நுழைகிற பொந்து. அவனுக்கு அதற்குள் போக ஆசையில்லை. "மேல கல்லு லூசா இருக்குண்ணே, வேண்டாம்" என்றான். "என்னலே, நாளைக்குச் சண்டையில குண்டு போட்டா, கல்லு லூசா இருக்குன்னு கவர்மெண்டுக்கு லெட்டர் எழுதுவியா?" என்றேன். அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே குனிந்து உள்ளே போனான். கல் சரிந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்தது.

உள்ளே போய் அவனை இழுத்துக்கொண்டு வந்தது நான்தான். அது உண்மை, அதை மட்டும் நீ வைத்துக்கொள். சதை கிழிந்து ரத்தம் வந்தது. என் தலையில் துண்டுக்குப் பதிலாகப் பாண்டேஜ் துணி சுற்றியிருந்தேன். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். காப்பி வடிகட்ட அதுதான், இட்லித் தட்டில் விரிக்க அதுதான், உனக்குத் தொட்டில் கட்டியதும் அதுதான். ஆனால் அதெல்லாம் சலவைக்குப் போய் வந்த துணி. அன்று என் தலையில் இருந்தது தறியிலிருந்து இறக்கியதை அப்படியே கிழித்தது. பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி போகாதது. அந்தத் துணி ரத்தத்தைக் குடிக்காது, கஞ்சி விடாது. மேலாகவே வழியும். ரத்தம் நிற்கவில்லையே என்று நான் இன்னும் இறுக்கினேன். இரண்டு குச்சியை வைத்து இன்னும் இறுக்கினேன். பிறகு கால் கொதிக்கிறது என்று அவன் சொன்னதால், ஓடைக்குத் தூக்கிப்போய்க் கட்டோடு காலைத் தண்ணீரில் வைத்தேன். வீக்கம் வடியும் என்று நினைத்தேன்.

இங்கே செத்த நேரம் நிறுத்தி யோசி. சலவை காணாத துணி தண்ணீர் பட்டால் சுருங்கும். இது தெரியாதவர்கள் ஊரில் எத்தனையோ பேர் இருப்பார்கள். நான் அதில் ஒருவன் இல்லை. தறியில் நிற்கும் ஒவ்வொரு நாளும் சுருக்கத்துக்கென்று நீளத்தைக் கூட்டி விட்டுத்தான் துணியை அறுப்பேன். அது என் பிழைப்பு. வேறு யாராவது வேட்டியைக் கிழித்துக் கட்டியிருந்தால், தோய்த்துத் தோய்த்து நைந்த துணி, அதற்குச் சுருங்குவதற்கு எதுவும் மிச்சமிருக்காது. பாண்டேஜ்காரன் கட்டியதால்தான் அந்தக் கட்டு காலைப் பிடித்துக்கொண்டது. வெளியே துணி சுருங்கியது, உள்ளே கால் வீங்கியது. வெயிலில் நான் அவனைச் சுமந்து இறங்க இறங்க, கஞ்சி காய்ந்து துணி தகரம் மாதிரி ஆகிவிட்டது.

அடிவாரத்துக்கு வரும்போது இருட்டிவிட்டது. அங்கே வனத்துறை வாட்சர் ஒருவர் இருந்தார். வயதில் என்னைவிட இளையவர். விளக்கைப் பக்கத்தில் கொண்டுவந்து கால்விரலைப் பார்த்தார். "அண்ணாச்சி, வெரலு ஒரு மாதிரி கருத்துக் கெடக்கு. கட்ட அவுத்துச் செத்த தளத்தி விடுங்க" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏம்ய்யா, நான் பாண்டேஜ் கம்பெனிக்காரன். மீனுக்கு நீச்சல் சொல்லித் தாரியாக்கும்?" என்றேன். அவ்வளவு வலியிலும் வேலு சிரித்தான். வாட்சரும் வெட்கப்பட்டுக்கொண்டு சிரித்துவிட்டு, வண்டி பார்த்து வருகிறேன் என்று ஓடினார். வண்டி கிடைத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது விடிந்துவிட்டது. அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். முழங்காலோடு காலை எடுத்தார்கள்.

எடுத்த டாக்டர் என்னை வராந்தாவில் தனியாகக் கூப்பிட்டார். "எலும்பு முறிஞ்சது சேர்ந்திருக்கும்யா. கல்லு காலக் கொல்லல, கட்டுதான் கொன்னிருக்கு. யாரு போட்டது?" என்றார். நான் யோசிக்கவே இல்லை. நாக்கில் தயாராக இருந்த மாதிரி வந்தது: "காட்டுல ஒரு வாட்சருங்கய்யா." டாக்டர், "அந்த ஆளக் கண்டா நாலு அறை விடு" என்று சொல்லிவிட்டுப் போனார். மயக்கம் தெளிந்த வேலுவிடம், கல் நசுக்கிவிட்டது, கட்டு மட்டும் போடாமல் இருந்திருந்தால் உயிரே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். அவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதான். பட்டாளத்து ஆர்டர் பதினெட்டாம் நாள் வந்தது. அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். அந்த வாட்சரை அதற்குப் பிறகு ஒருமுறை சந்தையில் பார்த்தேன். "தம்பி கால் எப்படியிருக்கு அண்ணாச்சி?" என்று தூரத்திலிருந்தே கேட்டுக்கொண்டு வந்தார். நான் பக்கத்தில் இருந்த கடைக்குள் நுழைந்து, எனக்குத் தேவையில்லாத ஒரு பொருளுக்கு ரொம்ப நேரம் விலை கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஊனமுற்றவர்களுக்கு என்று கொடுத்த எஸ்.டி.டி. பூத் அவனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் கிடைத்தது. எந்த விசேஷ வீட்டிலும் பந்தியில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "எங்கண்ணன் கட்டுன கட்டுனாலதான் இன்னைக்கு ஒங்களோட சோறு திங்குறேன்" என்று சொல்லாமல் அவன் இலையைத் தொட்டதில்லை. நான் உடனே, "காலுக்குக் கட்டுனத வாய்க்குக் கட்டியிருக்கணும்" என்பேன். கூடியிருக்கிறவர்கள் சிரிப்பார்கள். பதினைந்து வருடம் அந்த ஒரே கிண்டல். உன்னை ஆலங்குளத்துக்கு பஸ்ஸில் கூட்டிப்போய், சுண்ணாம்புக்கல் தோண்டுகிற பள்ளத்தின் ஓரத்தில் நிறுத்தி, கல்லுக்குள் தண்ணீர் எப்படிக் குடைந்து போகும் என்று முதலில் காட்டியது அவன்தான், கட்டையை ஊன்றிக்கொண்டு. தன்னால் போக முடியாத பொந்துக்குள் உன்னை அனுப்பி வைத்திருக்கிறான். அதில் அவனுக்கு எம்புட்டுப் பெருமை என்று நீ போனில் கேட்டிருப்பாய்.

பரீட்சையில் கை நகராமல் நின்ற அன்று, வகுப்பிலிருந்து நேராக பூத்துக்குப் போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு அம்மா, துபாயில் இருக்கும் மகனிடம் மாடு கன்று போட்டதைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள். வேலு மீட்டரைப் பார்த்துக்கொண்டே, "பரீட்ச என்னாச்சுண்ணே?" என்றான். "பெயில்" என்றேன். "நீயா? நாங்கூட ஒரு சர்டிபிகேட் எழுதித் தாரேன், போட்டோ ஒட்டுற எடத்துல என் கால ஒட்டி" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் சொல்லிவிட்டேன். துணி, தண்ணீர், வாட்சர், டாக்டர், ஒன்றையும் விடவில்லை. கட்டுப் போட்டால் விரல் நகத்தை அமுக்கிப் பார்க்க வேண்டும், கட்டிய நேரத்தை எழுதிவைக்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னதையும் சொன்னேன். அந்த அம்மா பேசி முடித்து வெளியே வந்தாள். அவன் பில்லைக் கிழித்துக் கொடுத்து, கன்று காளையா கிடாரியா என்று விசாரித்து அனுப்பிவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினான்.

"டாக்டரு ஒங்கிட்ட இத எப்பச் சொன்னாரு?"

"கால எடுத்த அன்னைக்கு."

"அப்ப, நான் ஒங்கையப் புடிச்சிக்கிட்டு அழுதப்ப ஒனக்குத் தெரியும்."

"தெரியும்லே."

"இம்புட்டு நாளும் பந்தியில பக்கத்துல ஒக்காந்து திங்கையில."

ஏதாவது கிண்டலாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "சிரிக்க மட்டும் வச்சிராத" என்றான். மேஜையில் கிடந்த பில் புத்தகத்தைப் புரட்டினான். "கால் போனதுக்கு அன்னைக்கே அழுது முடிச்சிட்டேண்ணே. எனக்குன்னு மிஞ்சுனது நீ கட்டுன அந்தக் கட்டு ஒண்ணுதான். அவுக்கச் சொன்னப்ப அவுக்கல. இப்ப வந்து அவுக்குற" என்றான். அடுத்த ஆள் போன் பேச வந்துவிட்டார். நான் வெளியே வந்து பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு நீ பூத்துக்குப் போன் செய்தபோது, ரிசீவரை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டு அவன் வெளியே போய் நின்றுகொண்டான். சித்தப்பா ஏன் பேசவில்லை என்று நீ கேட்டாய். தொண்டை கட்டியிருக்கிறது என்று உன் அம்மா சொன்னாள். அவளுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை மூடியதும் அவளிடமும் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அதை நினைத்தால் உன் குகையே மேல் என்று தோன்றுகிறது.

உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். எனக்கு இறங்கவில்லை. என்னிடம் இருந்ததைத் தூக்கி அவன் மேல் வைத்தேன், இப்போது உன் மேலும் வைக்கிறேன். நான் இதைச் சொல்லியிருக்க வேண்டிய நாள் ஒன்றுதான், அது மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் போய்விட்டது. மற்ற எந்த நாளில் சொன்னாலும் அது இரண்டாவது அடிதான். அவன் என்னை மன்னித்துவிடுவான் என்று எழுதி உன்னைச் சமாதானப்படுத்த எனக்கு மனசு வரவில்லை.

ஆகவே உன் பெட்டிக்கு வருகிறேன். அது தனியாகப் பார்சலில் வருகிறது. பாண்டேஜ் சுருள் நாற்பது வைத்திருக்கிறேன். எல்லாம் சலவைக்குப் போய், ஆஸ்பத்திரிக்கென்று ஆவியில் வைத்து எடுத்து மூடியது. ஒவ்வொன்றையும் நானே பார்த்தேன். முக்கோணத் துணி, பஞ்சு, கத்தரி, மூங்கில் பத்தை, டிஞ்சர், உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலம், விசில் மூன்று. எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டியிருக்கிறேன். குகைக்குள் ஈரம் இருக்குமாமே. இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு பேனாவும் நோட்டும் இருக்கும். அதை எடுத்து வீட்டுக் கணக்கு எழுதாதே. கட்டுப் போட்ட நேரத்தை எழுது. ரத்தம் வந்தால் முதலில் சுத்தமான துணியை வைத்துக் கையால் அமுக்கு, நிற்கும் வரை அமுக்கு. பயத்தில் இறுக்கிக் கட்டாதே. கை காலில் எலும்புக்குக் கட்டினால் விரல் நுனியை வெளியே விடு. நகத்தை அமுக்கினால் வெளுக்கும், விட்டால் உடனே சிவக்க வேண்டும். சிவக்காவிட்டால் தளர்த்து. விரல் மரத்துவிட்டது என்று அடிபட்டவன் சொன்னால் தளர்த்து. அவன் சிரித்துக்கொண்டிருக்கிறான் என்பதற்காக நன்றாக இருக்கிறான் என்று நினைத்துவிடாதே. சும்மா வேடிக்கை பார்க்கிறவன், உன்னைவிடப் படிக்காதவன், அந்த ஊரில் சுமை தூக்க வந்தவன், எவன் வந்து "தளத்துங்க" என்று சொன்னாலும் அவிழ்த்துப் பார். நீ போட்ட கட்டை நீயே அவிழ்ப்பதில் ஒரு கௌரவமும் குறையாது. குறைந்தாலும் குறையட்டும், கால் இருக்கும்.

உள்ளே நுழைய ஒருவன் தயங்கினால் அவனைக் கேலி பேசாதே. உனக்கும் என் வாய்தான் வாய்த்திருக்கிறது, அதனால் சொல்கிறேன். கிளம்பும் முன்னால் உன் குழுவில் எல்லோரையும் உட்காரவைத்து, எங்கப்பன் யாரையும் காப்பாற்றவில்லை என்று சொல்லிவிடு. பெட்டியை வேறு ஒருவரிடம் கொடுக்கச் சொன்னால் கொடுத்துவிடு. உன்னிடமே இருக்கட்டும் என்றால், அப்போது அது உன்னை நம்பிக் கொடுத்ததாக இருக்கும்.

பெட்டியைத் துணி சுற்றித் தைத்து, பார்சலை நேற்று போட்டேன். ராஜபாளையத்தில் தபால் ஆபீஸ் இல்லாமலா ஸ்ரீவில்லிபுத்தூர் வரை தூக்கிப் போனேன் என்று கேட்காதே. கவுண்டரில் இருந்தவர், ஒரு பக்கம் தையல் விலகியிருக்கிறது, நெருக்கித் தைத்துக் கொண்டுவாருங்கள் என்றார். ஊசியை வாங்கிக்கொண்டு நடந்து, பூத் வாசற்படியில் நிழல் இருந்ததால் அங்கே உட்கார்ந்து தைத்தேன். கோணி ஊசி இடது கட்டைவிரலில் நன்றாக ஏறிவிட்டது. நாற்பது சுருள் பாண்டேஜும் உள்ளே, தைத்தாகிவிட்டது. துணிமேல் எழுதியிருந்த விலாசத்தில் உன் பெயரில் பாதியும் மேகாலயாவும் ரத்தத்தில் நனைந்துவிட்டன. வேலு கட்டையை ஊன்றி வெளியே வந்தான். தன் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டினான். நுனியை வெளியே விட்டு, நகத்தை அமுக்கிப் பார்த்தான். பிறகு பூத் கடிகாரத்தைப் பார்த்து, போன் பில்லின் பின்பக்கத்தில் எதையோ எழுதி, என் சட்டைப்பையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். நான் தபால் ஆபீசுக்குத் திரும்பிப் போனேன். கவுண்டர்க்காரர் விலாசத்தை வேறு பேனாவால் எழுதி, ரசீது கொடுத்தார். அதையும் அதே பையில் வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ரத்தக்கறை போக வேண்டும் என்று உன் அம்மா சட்டையைப் பையோடு ஊறப்போட்டுவிட்டாள். பார்சல் ரசீது கரைந்துபோனது. வேலு எழுதிவைத்த சீட்டில் மட்டும் எழுத்து நிற்கிறது. பெட்டி வந்து சேராவிட்டால் தபால் ஆபீசில் காட்டுவதற்கு என்னிடம் இருப்பது, "இடது கட்டைவிரல், பதினொண்ணு பத்து" என்கிற அந்தச் சீட்டு மட்டும்தான்.